ஐந்தால் வகுத்த மீன்

அந்த ஆராய்ச்சி நிலையத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "கருவாட்டு அக்கா" என்றால்தான் வாசல் காவலாளிக்கே தெரியும். அந்தப் பட்டம் சும்மா வந்துவிடவில்லை. பதினைந்து வருஷம் மீனைக் காயவைத்து, இடித்து, சலித்து வாங்கிய பட்டம்.

நிலையத்தின் வேலை ஏரி மீனில் எவ்வளவு பாதரசம் இருக்கிறது என்று பார்ப்பது. மேல்கரையில் ஒரு காலத்தில் தங்கச் சுரங்கம் ஓடியது. தங்கம் முதலாளி வீட்டுக்குப் போயிற்று, அதைப் பிரித்தெடுத்த பாதரசம் ஏரிக்கு வந்தது. அதைப் புழு தின்ன, புழுவைச் சின்ன மீன் தின்ன, சின்ன மீனைப் பெரிய மீன் விழுங்க, எல்லாருடைய பாவமும் கடைசியில் பெரிய மீனின் முதுகுச் சதையில் போய் உட்கார்ந்துகொள்ளும். வலைக்காரர்கள் அந்த மீனைப் பெருவாயன் என்பார்கள். ருசியில் ராஜா. யார் வீட்டில் பிள்ளையுண்டானாலும் அதைத்தான் தேடுவார்கள்.

இனிக் கொஞ்சம் எண் வரும் கண்ணுகளா, பயந்து எழுந்து போய்விடாதீர்கள். மொத்தமே நாலு எண்தான்.

ஐந்து கிலோ பச்சை மீனைக் காயவைத்தால் ஒரு கிலோதான் தேறும். தண்ணீர் போய்விடும், பாதரசம் போகாது. அக்கா சதையை நறுக்கி ஓவனில் காயவைத்துத் தூளாக்கிச் சின்னச் சின்னப் புட்டிகளில் அடைத்து வெளியூர் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவாள். அங்கிருந்து வருவது தூளின் எண். அதை ஐந்தால் வகுத்தால்தான் பச்சை மீனின் எண் கிடைக்கும். படிவத்தில் அதற்கென்றே கட்டம் உண்டு. முதல் கட்டம், வந்த எண். அடுத்த கட்டம், ஐந்தால் வகு. மூன்றாவது கட்டம், முடிவு. மேலே இருப்பவர்கள் மூன்றாவது கட்டத்தை மட்டும் பார்ப்பார்கள். அதில் அரைக்கு மேல் இருந்தால் மீன் ஆகாது, அரைக்குக் கீழ் இருந்தால் ஆகும்.

அந்தக் காலத்தில் பெருவாயனின் எண் ஒன்றை ஒட்டியே நின்றது. பிடிக்கக்கூடாது, விற்கக்கூடாது, தின்னக்கூடாது என்று படகுத் துறையில் சிவப்புப் பலகை நட்டார்கள். அக்காவின் தம்பிக்கு வலைதான் தொழில். படகைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு மூட்டை தூக்கப் போனான். அக்காவுக்குக் கல்யாணம் காட்சி எதுவும் இல்லை. தம்பி வீட்டுப் பின்கட்டில்தான் குடியிருப்பு. தினமும் மூட்டைத் தழும்போடு வருகிறவன் முகத்தைப் பார்த்தபடிதான் உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் பாதரசத்தை இங்கேயே அளக்கும் புது மெஷின் நிலையத்துக்கு வந்தது. சுரங்கத்தை மூடிக் கரையையெல்லாம் சுரண்டிச் சுத்தம் செய்து முடித்த அதே வருஷம். அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தார் இப்போதைய இயக்குநர். ஏரி பிழைக்கும் என்று பேட்டியும் கொடுத்துவிட்டார். ஏரி சொன்ன சொல் தட்டாமல் பிழைத்தது. ஒன்றில் நின்ற எண் ஒரே வருஷத்தில் கால்கூட இல்லாமல் இறங்கிவிட்டது. புள்ளி பதினெட்டு!

அன்றைக்கு அக்கா கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் தம்பி வீட்டுக்கு ஓடினாள். "படகை நிமித்துடா! மீன் சுத்தமாயிடுச்சு!" என்றாள். தம்பி பெண்டாட்டி அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

சிவப்புப் பலகையைப் பிடுங்கினாலும் சனங்களுக்கு நம்பிக்கை வரவில்லை. இயக்குநர் படகுத் துறையில் கூட்டம் போட்டு வரைபடமெல்லாம் காட்டினார். "படம் நல்லாத்தான் இருக்கு, மீனு எப்படி?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அவர் திகைத்துப்போய் அக்காவை முன்னால் தள்ளினார். அவள் மேடைப் பேச்சுக்காரியா என்ன? ஆனாலும் பேசினாள்.

"நான் அறுத்த மீன், நான் எழுதின எண். எங்க வீட்டு அடுப்புல இன்னிக்கு வேகறது இதுதான். என் தம்பி மகளுக்கு நானே முள்ளெடுத்து ஊட்டப் போறேன். உங்களுக்கு இன்னும் என்ன வேணும்?"

அதற்கு மேல் யாருக்கு என்ன வேண்டும்? மறுநாளே வலை இறங்கிற்று.

அந்தத் தம்பி மகள் அப்போது பள்ளிக்கூடம் போகிற பெண். இப்போது ஏழு மாத வயிற்றோடு தாய் வீட்டுக்கு வந்திருக்கிறாள். அக்காவுக்குப் பிள்ளையென்றும் பெண்ணென்றும் அவள்தான். காலையில் அவளுக்குத் தலைவாரிவிடாமல் வேலைக்குக் கிளம்ப மாட்டாள். உதிர்ந்த முடியை விரலில் சுற்றி உருண்டையாக்குவாள், கண்ட இடத்தில் போட்டுவிட்டால் தம்பி பெண்டாட்டி பத்து வீடு கேட்கக் கத்துவாளே என்று கைப்பையில் செருகிக்கொள்வாள். இந்தக் கதையே அந்த உருண்டையில்தான் சுற்றியிருக்கிறது.

வருஷத்துக்கு ஒருமுறை மெஷினைச் சரிபார்க்க ஆள் வருவார். இந்தத் தடவை வந்தவர் வாய் ஓயாதவர். குழாயை மாற்றிப் பூட்டிவிட்டு, "அக்கா, ஒரு மயிரு குடுங்க, போட்டுப் பாக்கலாம்" என்றார்.

"எதுக்குய்யா?"

"மீனு தின்னா பாதரசம் முடியிலயும் ஏறும். முடி எப்பவும் காஞ்சதுதானே, அப்படியே போட வேண்டியதுதான். ஊரு ஊரா இதான் எனக்குப் பொழுதுபோக்கு."

முதலில் தன் தலையிலிருந்தே ஒன்றைப் பிடுங்கிப் போட்டார். மெஷின் அதை எரித்துப் புள்ளி நாலு என்றது. பக்கத்தில் நின்ற நிலைய வண்டி ஓட்டுநருக்கு மீன் வாடையே ஆகாது. அவர் முடி புள்ளி ஒன்று. "உங்க தலையில பாதரசமும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றதும் எல்லாரும் சிரித்தார்கள். அக்காவுக்கு நரைமுடியைக் கொடுக்கக் கூச்சம். கைப்பையைத் துழாவி உருண்டையை எடுத்துக் கொடுத்தாள்.

மெஷின் பதினாறு என்றது.

"ஏதோ அழுக்கு" என்று துடைத்துவிட்டு மறுபடி போட்டார். பதினைந்தே முக்கால்.

"யாரோட முடிக்கா இது? ஏரிக்குள்ளயேருந்து ஏறி வந்தாங்களா?"

இந்தத் தடவை அக்கா சிரிக்கவில்லை. முடியில் இவ்வளவு இருந்தால் தின்ற மீனில் எவ்வளவு இருக்கும் என்கிற அட்டவணை சுவரில் அவள் கையாலேயே ஒட்டியது. புள்ளி பதினெட்டு மீனைத் தினம் தின்றாலும் முடியில் மூன்றைத் தாண்டாது. பதினாறு வரவேண்டுமானால் மீனில் ஒன்றுக்குப் பக்கம் இருக்கவேண்டும்.

மெஷின்காரர் கிளம்பும்போது மழைக்குப் பயந்து ஒரு குடை கேட்டார். குடைகளெல்லாம் ஓவனுக்குள் இருந்தன. மெஷின் வந்த நாளிலிருந்து ஓவன் மூட்டப்படவில்லை. நாலு குடை, ஒரு மழைக்கோட்டு, யாரோ காயவைத்து மறந்த ஒற்றைக் காலுறை, இதற்குத்தான் இப்போது அது உதவியது. குடையை எடுத்துக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தப்போனவளின் கை அப்படியே நின்றுபோயிற்று.

ஓவன் எட்டு வருஷமாகக் காயவைக்கவில்லை. காயவைக்காத மீனை அவள் எதற்கு ஐந்தால் வகுத்துக்கொண்டிருக்கிறாள்?

மெஷினில் அவள் போடுவது பச்சைச் சதை. நகத்தளவு கிள்ளி அப்படியே வைப்பாள், அது சொல்வதும் பச்சை மீனின் எண்தான். ஆனால் படிவம் பழைய படிவம். கட்டம் இருந்தது. பதினைந்து வருஷம் வகுத்த கை, எதை வகுக்கிறோம் என்று கேட்காமலே வகுத்தது. சமையல்காரி உப்புப் போட்டதை மறந்து மறுபடி போட்டால் வாயில் வைத்ததும் தெரிந்துவிடும். இதை வாயில் வைத்தால் ருசியாகத்தான் இருக்கும்.

பேரேடுகளை இறக்கி முதல் கட்டத்தை மட்டும் விரல்வைத்துப் பார்த்துக்கொண்டே போனாள். புள்ளி ஒன்பது, புள்ளி தொண்ணூற்றைந்து, ஒன்று, ஒன்று புள்ளி ஒன்று. எட்டு வருஷமும் அப்படியே. ஏரி பிழைக்கவே இல்லை. சுரங்கத்தை மூடியதால் குறைந்தது என்று ஊரெல்லாம் கொண்டாடினதே, அது இவள் பேனாவில் குறைந்தது.

நேரே இயக்குநர் அறைக்குப் போனாள். அவர் மோசமானவர் இல்லை. மெஷின் அறைக்குக் குளிர்சாதனம் கேட்டு நாலு வருஷம் மேலிடத்தோடு மல்லுக்கட்டி வாங்கிக் கொடுத்தவர். அவள் சொன்னதைப் பேரேட்டோடு சேர்த்து முழுக்கக் கேட்டார். முகம் வெளிறிப்போனதை அவளே பார்த்தாள். எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்ல சார்."

"எட்டு வருஷமும் ஒரே மாதிரிதான வகுத்திருக்கீங்க? ஒரு வருஷம் வகுத்து, ஒரு வருஷம் விட்டு, அப்படி ஏதும் இல்லையே?"

"இல்ல சார். ஒண்ணு விடாம வகுத்திருக்கேன்."

அவருக்கு மூச்சு வந்தது. "அப்ப பரவாயில்ல. ஒரே மாதிரி செஞ்சா அதுக்குப் பேரு தப்பில்லம்மா, முறை. ஒரு வருஷத்தை இன்னொரு வருஷத்தோட ஒப்பிட அது போதும். திடீர்னு இந்த வருஷம் வகுக்காம விட்டா வரைபடத்துல கோடு அஞ்சு மடங்கு எகிறும். என்னன்னு கேப்பாங்க. நம்ம ஏரியைப் பாத்து நாலு ஏரியில சுத்தம் பண்ற வேலை நடந்துட்டிருக்கு."

"கோட்டை யாரும் தின்னலையே சார். மீனைத்தானே தின்னுறாங்க?"

அவர் பேப்பர்வெயிட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டினார். "ஒரு குழு போடுவோம். அடுத்த வருஷ மாதிரியில இருந்து யோசிப்போம்."

"என் தம்பி மக ஏழு மாசம் சார். அந்த முடி அவளோடது. அது எந்தக் குழுவுக்காகக் காத்திருக்கும்?"

"அதுக்கு என் அனுமதி எதுக்கு? வீட்டுல நிறுத்தச் சொல்லுங்க. உங்க வீடு, உங்க பொண்ணு." அவள் எழுந்ததும், "வீட்டோட இருக்கட்டும்" என்றார்.

அவளும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனாள், பொய் சொல்வானேன். முதலில் நம் பெண் பிழைக்கட்டும், ஊரை அப்புறம் பார்க்கலாம் என்றுதான் போனாள். யாராயிருந்தாலும் அப்படித்தான் போவார்கள்.

வீட்டில் தம்பி மகள் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். தட்டில் பெருவாயனின் நடுத்துண்டு. அக்கா தட்டை இழுத்தாள்.

"அத்தை, பசிக்குது!"

"இது வேணாம்டா கண்ணு. இனிமே இந்த மீனே வேணாம்."

தம்பி பெண்டாட்டி கரண்டியோடு வந்து நின்றாள். துறையில் மீன் கடை அவளுடையது. வாயில் கைவைத்தால் கடிப்பாள், ஆனால் மகளுக்கு ஒன்று என்றால் உயிரைக் கொடுப்பாள். அக்கா நடந்ததைச் சொன்னாள். மெஷின், ஓவன், குடை, ஐந்து எல்லாவற்றையும் சொன்னாள். வலை பின்னிக்கொண்டிருந்த தம்பியின் கை நின்றது.

"ஏன் அண்ணி, இதை ஊருக்குச் சொல்லிட்டீங்களா?" என்றாள் தம்பி பெண்டாட்டி.

"இன்னும் இல்ல. முதல்ல நம்ம வீட்டுல..."

"நம்ம வீட்டுல மட்டும்னா எப்படி? கடைக்கு வர்ற ஒவ்வொருத்தியும் 'உன் மக என்ன தின்னா'ன்னு கேட்டுட்டுத்தான் மீனையே தொடறா. விக்கிறவ மக தின்னலன்னா எவ வாங்குவா? எம் பொண்ணைக் காப்பாத்திட்டு ஊரான் பொண்ணுக்கு அதையே நிறுத்துப் போடச் சொல்றீங்களா?"

அவள் கேட்டதில் என்ன தப்பு? ஒன்றுமில்லை.

தம்பி வலையைக் கீழே வைத்தான். "ஒரு காலத்துல மீனு விஷம்னீங்க, படகைக் கவுத்தேன். மீனு நல்லதுன்னீங்க, நிமித்தினேன். இப்ப மறுபடி விஷங்கறீங்க. நான் என்ன தோசைக்கல்லாக்கா, திருப்பித் திருப்பிப் போட? அத்தனை பேர் முன்னாடி 'நான் எழுதின எண்'ணு மார்தட்டின வாய் இதுதானே?"

"இதே வாய்தான்டா. தவளை மாதிரி என் வாயாலேயே கெட்டேன். இப்ப சொல்றதையாவது கேளு."

"அன்னிக்குச் சொன்னதும் சத்தியம், இன்னிக்குச் சொல்றதும் சத்தியமா? ஆபீசுல எழுதி சீல் வச்சு வாங்கிட்டு வா. பாத்துட்டு நிறுத்தறேன்."

மகள் மூன்று பேர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தாள். தாய் தட்டை மறுபடி அவள் முன்னால் தள்ளினாள். பசிக்கிற பெண், சாப்பிட்டாள்.

சீல் வைத்த காகிதத்துக்கு அக்கா மறுநாள் அலைந்தாள். இயக்குநர் விடுப்பில் போய்விட்டார். எழுத்தர் நல்ல மனுஷர். "மீனுக்குச் சான்றிதழ்தானே?" என்று உடனே பிரதி எடுத்து, சீல் குத்தி, கையில் கொடுத்தார். பெருவாயன், புள்ளி பதினெட்டு, உண்ணத்தக்கது. அடியில் அளந்தவர் கையெழுத்து. அவளுடைய கையெழுத்து. நிலையத்தில் சீல் குத்த வேறு காகிதமே இல்லை.

அதைக் கிழித்துப் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். மூன்று நாள் மதியச் சாப்பாட்டு வேளையில் எழுதினாள். எட்டு வருஷத்தின் அறுநூற்று நாற்பது மீன். பிடித்த தேதி, நீளம், எடை, முதல் கட்டத்தின் எண். அதோடு நிறுத்திக்கொண்டாள். கடைசியில், "வகுத்தது என் தப்பு. இந்த மீனைப் பிள்ளைத்தாய்ச்சியும் குழந்தைகளும் தின்னவேண்டாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். விடிந்ததும் படகுத் துறைக்குப் போய், பழைய சிவப்புப் பலகை நின்ற கம்பத்திலேயே ஒட்டிவிட்டு வேலைக்குப் போனாள்.

சாயங்காலம் கம்பம் மொட்டையாக நின்றது. யார் கிழித்தது என்று அவள் யாரையும் கேட்கவில்லை. தம்பி வீட்டு அடுப்பங்கரையில், மீன் செதிலைக் கூட்டி வைத்த காகிதத்தில் அவள் எழுத்து இருந்தது. நீளம், எடை, எண்.

தம்பி குனிந்த தலை நிமிரவில்லை. "எனக்கு மூட்டை தூக்கற வயசு போச்சுக்கா" என்றான்.

நிலையத்தில் மெமோ காத்திருந்தது. அலுவலகப் பதிவுகளை அனுமதியின்றி வெளியிட்டது, பொதுமக்களிடையே பீதி கிளப்பியது. பீதியடைந்ததாக ஒருவரையாவது காட்டச் சொல்லியிருந்தால் அவள் சந்தோஷப்பட்டிருப்பாள். மெஷினிலிருந்து மாற்றி அவளைப் பண்டக அறையில் போட்டார்கள். புட்டிகளை எண்ணி அடுக்குகிற வேலை. மெஷினுக்குப் புதிதாக ஒரு பெண்ணை வைத்தார்கள், கெட்டிக்காரி. அக்கா ஒருநாள் அவளைத் தாழ்வாரத்தில் மடக்கினாள்.

"ஏம்மா, நீ மீனைக் காயவைக்கிறியா?"

"இல்லக்கா. பச்சையாவே போடுறேன்."

"அப்ப அஞ்சால வகுக்காத. சரியா?"

அந்தப் பெண் மரியாதையாகத்தான் சொன்னாள். "கட்டம் இருக்கேக்கா."

தம்பி மகள் அதற்குப் பிறகும் தினம் வந்து அவள் முன்னால் தலையைக் கொடுத்து உட்காருவாள். ஒருநாள் கண்ணாடியில் பார்த்தபடியே, "அத்தை, நெசமாவே அவ்வளவு கெடுதலா?" என்றாள்.

"நெசம்தான்டா."

"அம்மா இப்பல்லாம் கடையிலேயே வச்சு சாப்பிடச் சொல்றாங்க. எல்லாரும் பாக்கட்டும்னு. நான் வேணாம்னா அம்மா அழுவுறாங்க." தலையைத் திருப்பி, "நீங்க அப்பவே சொல்லியிருக்கக் கூடாதா?" என்றாள்.

எட்டு வருஷத்துக்கு முன்னாலா, மீன் தட்டை இழுத்த அன்றைக்கா என்று அக்கா கேட்கவில்லை. சீப்பில் வந்த முடியை உருட்டினாள். வேரை ஒட்டிய பக்கம்தான் புதிதாய் வளர்ந்தது, மாதத்துக்கு ஒரு விரற்கடை. அந்த வேர்ப்பக்கத்தை மட்டும் கத்தரித்து, புதுப் பெண் சாப்பிடப் போன நேரம் பார்த்து மெஷினில் போட்டாள். பத்தொன்பது. படிவம் எதிலும் அதை எழுதவில்லை.

குழந்தை ஆஸ்பத்திரியில் பிறந்தது. ஆண் பிள்ளை, மூன்று கிலோ. பார்வையாளர் நேரத்தில் அக்கா போனபோது வார்டு முழுக்க வெயில் விழுந்து கிடந்தது. மகள் அயர்ந்து தூங்கினாள். தம்பி பெண்டாட்டி பிள்ளையை மடியில் போட்டுத் துணியை விலக்கிக் காட்டினாள். சண்டைக்காரியின் முகத்தில் அப்படியொரு சிரிப்பு.

"எண்ணிப் பாருங்க அண்ணி. கையில பத்து, கால்ல பத்து. கண்ணு பாருங்க, எப்படி முழிக்குதுன்னு. என்னமோ பயமுறுத்தினீங்களே. உங்க கணக்குத்தான் தப்பு!"

இந்த அளவில் அந்த விஷம் விரலை எடுக்காது, கண்ணைக் கெடுக்காது. மூன்று வயதில் சொல் வரத் திக்கும், ஐந்து வயதில் எழுத்து மனதில் நிற்காது. தப்பித்துக்கொள்கிற பிள்ளையும் உண்டு. இந்தப் பிள்ளை எந்தப் பக்கம் என்று எந்த மெஷினாலும் இன்றைக்குச் சொல்ல முடியாது. ஒருவேளை அந்த வயதில் இவன் பேசத் தாமதித்தால், "சொந்தத்துல ஒருத்தன் அப்படித்தான்" என்று யாரையாவது காட்டிவிட்டுப் போவார்கள். மீனை யார் நினைக்கப் போகிறார்கள்? துறையில் இன்னும் எட்டுப் பத்துப் பெண்கள் வயிற்றோடு வரிசையில் நின்று பெருவாயன் வாங்குகிறார்கள்.

அக்கா பிள்ளையைக் கையில் வாங்கினாள். அது அவள் விரலைப் பிடித்துக்கொண்டது, கெட்டியாகத்தான் பிடித்தது.

"ஆமாம்மா," என்றாள். "என் கணக்குத்தான் தப்பு."

தம்பி வாசல் பக்கம் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். தம்பி பெண்டாட்டி தூக்குப் பாத்திரத்தைத் திறந்தாள். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற வேண்டாமா? பெருவாயன், நடுத்துண்டு. வாசனை வார்டு முழுக்கப் பரவிற்று. பக்கத்துக் கட்டில்காரி தலையை நீட்டி, "எங்கேம்மா வாங்கினீங்க?" என்று கேட்டாள்.